கணக்கில் வராத கைகள்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

கூடைப்பந்தாட்டம் காண வருவோரின் கண்கள் வளையத்தின் மீதே இருக்கும். பந்து உள்ளே விழுந்தால் ஆரவாரம், விழாவிட்டால் பெருமூச்சு. ஆட்டம் முடிந்து கலையும்போது "யார் அதிகம் போட்டது?" என்று கேட்போமேயன்றி, "யார் அதிகம் போடவிடாமல் செய்தது?" என்று கேட்பதில்லை. போடுவது கண்ணுக்குத் தெரிகிறது. போடவிடாமல் தடுப்பது தெரிவதில்லை. நடந்தது கணக்கில் ஏறுகிறது. நடக்காமல் போனது காற்றோடு போய்விடுகிறது.

இப்படி நடக்காமல் போனவற்றையே தம் வாழ்நாள் சாதனையாக ஆக்கிக்கொண்ட ஒருவர் உண்டு. அவர்தாம் அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு ஆடிய பில் ரஸ்ஸல். என்.பி.ஏ. எனப்படும் அந்நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில் அவர் ஆடியது 13 பருவங்கள். அவற்றுள் வாகை சூடியது 11 பருவங்கள். நம் மாணவ நண்பர்களிடம் ஒரு கூடைப்பந்து வீரரின் பெயரைக் கேட்டால் மைக்கேல் ஜோர்டன் என்பார்கள். கோபி பிரயண்ட் என்பார்கள். ஜோர்டன் வென்ற பட்டங்கள் 6. பிரயண்ட் வென்றவை 5. இருவருடையதையும் கூட்டினால் வருவது ரஸ்ஸல் ஒருவர் வென்றது! ஆயினும் அவர் பெயரைச் சொன்னால் "யார் அவர்?" என்று புருவம் உயர்த்துவோரே மிகுதி. தெரிந்தவர்களும், "அந்தக் காலத்தில் ஆடியவர், நிறையக் கோப்பை வாங்கியவர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி போதாது என்பதே என் கட்சி.

இளமையும் வறுமையும்

வில்லியம் ஃபெல்டன் ரஸ்ஸல் 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் லூயிசியானா மாநிலத்தின் மன்ரோ என்னும் ஊரில் பிறந்தார். கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி வாசல், தனி இருக்கை என்று சட்டமே சுவர் எழுப்பியிருந்த தென்மாநிலம் அது. பொறுக்கமாட்டாத குடும்பம், அவர் சிறுவனாக இருக்கும்போதே கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் செல்வம் காத்திருக்கவில்லை, உழைப்புதான் காத்திருந்தது. பன்னிரண்டாவது வயதில் தாயை இழந்தார். பிள்ளைகள் கல்லூரிவரை படிக்க வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. அதைத் தலைமேல் தாங்கித் தந்தை தனியராகவே மக்கள் இருவரையும் வளர்த்தார். நகரின் பொது நூலகமே சிறுவன் ரஸ்ஸலுக்குப் புகலிடமாயிற்று.

பள்ளியில் அவர் சிறந்த ஆட்டக்காரர் என்று எவரும் சொல்லவில்லை. மக்ளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் இளையோர் அணியில் சீருடைகள் 15, பையன்கள் 16. பதினைந்தாவது சீருடையை ரஸ்ஸலும் இன்னொரு பையனும் மாறி மாறி அணிந்துகொண்டனர். ஒரு நாள் இவர் ஆடினால் மறுநாள் அவர்! ஜார்ஜ் பவுல்ஸ் என்னும் பயிற்சியாளர் மட்டும் இந்த ஒல்லிப் பையனைக் கைவிடாமல் வைத்திருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபோது அவரைத் தேடி வந்த கல்லூரி ஒன்றே ஒன்றுதான். அது சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். சொந்தமாக ஓர் உள்ளரங்கம்கூட இல்லாத நிறுவனம் அது.

அந்தச் சிறிய நிறுவனம் ரஸ்ஸலின் துணையோடு 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான பட்டத்தை வென்றது. அவர் இருந்த காலத்தில் தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. வளையத்தின் கீழ் அவர் நிற்பதைக் கண்டு அஞ்சிய விதி வகுப்போர், வளையத்துக்கு முன்னுள்ள தடைப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினர். ஒரு மாணவரைச் சமாளிக்க ஆடுகளத்தின் கோட்டையே மாற்றி வரைந்தார்கள் என்றால் அவர் ஆற்றலை என்னென்பது! 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடித் தங்கமும் பெற்றார். அதற்குப் பின்னரே, டிசம்பர் மாதம், பருவம் பாதி வழியில் இருக்கும்போது பாஸ்டன் அணியில் சேர்ந்தார்.

அவர் செய்த வேலை என்ன?

ரஸ்ஸலின் உயரம் 6 அடி 10 அங்குலம். இந்த ஆட்டத்தில் உயரமானவர்கள் பலர் உண்டு. உயரத்தால் மட்டும் அவர் உயர்ந்தவரல்லர். அவருடைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள, இயற்பியல் மாணவன் என்ற உரிமையில் சில சொற்கள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எறியப்பட்ட பந்து ஒரு வளைகோட்டில் செல்கிறது. முதற்பகுதி ஏறுமுகம்; பிற்பகுதி இறங்குமுகம். வளையத்தை நோக்கி இறங்கத் தொடங்கிய பந்தைத் தொடுவது விதிப்படி குற்றம். தொட்டால் புள்ளி எதிரணிக்கே சேரும். ஆகவே தடுப்பவருக்குக் கிடைப்பது பந்து எறிபவரின் கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து உச்சியை எட்டும்வரை உள்ள ஒரு கணம்தான். முன்னதாகக் குதித்தால் எறிபவர் பந்தைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றிவிடுவார். பின்னதாகக் குதித்தால் பந்து போய்விடும். ரஸ்ஸல் உயரம் தாண்டுதலிலும் பெயர் பெற்றவர். குதிக்கும் நேரத்தை எடைபோடத் தெரிந்தவர். மேலும் அவர் இடக்கைக்காரர். எதிரில் நின்று வலக்கையால் எறிபவரின் கைக்கு நேராக அமைவது தடுப்பவரின் இடக்கையன்றோ!

இதைவிட முக்கியமானது தடுத்த பந்தை அவர் என்ன செய்தார் என்பது. பந்தை ஓங்கி அறைந்து பார்வையாளர் வரிசைக்குப் பறக்கவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் களத்தைவிட்டு வெளியேறிய பந்து மறுபடியும் எதிரணிக்கே திரும்பும். ரஸ்ஸல் அப்படிச் செய்வதை விரும்பவில்லை. பந்தை மெல்லத் தட்டித் தாமே பிடிப்பார். அல்லது தம் அணியினர் ஒருவரிடம் சேருமாறு தட்டிவிடுவார். அந்தக் கணமே பாஸ்டன் அணி எதிர்ப்புறம் நோக்கிப் பாயும். எதிரணிக்கு வரவேண்டிய 2 புள்ளிகள் போயின. நம் அணிக்கு 2 புள்ளிகள் வந்தன. ஒரு தட்டலில் 4 புள்ளிகள் வேறுபாடு! புள்ளிப்பட்டியலிலோ, ஓடிச்சென்று எளிதாகப் போட்டவரின் பெயர்தான் இருக்கும்.

வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவதை ரீபவுண்டு என்கிறோம். அதிலும் அவர் கண்ட உண்மை ஒன்று: பந்து எங்கே தெறிக்கும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து அங்கே போய் நிற்பவனுக்கே அது கிட்டும், வெறும் குதிப்பு போதாது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் எந்த மூலையிலிருந்து எறிந்தால் பந்து எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று படித்து வைத்திருந்தார். 963 ஆட்டங்களில் அவர் எடுத்த ரீபவுண்டுகள் 21,620. சராசரி ஓர் ஆட்டத்துக்கு 22.5. 1960-இல் ஒரே ஆட்டத்தில் 51 எடுத்ததும் உண்டு.

மூன்றாவது வேலை இன்னும் நுட்பமானது. பின்னால் ரஸ்ஸல் இருக்கிறார் என்ற துணிவில் பாஸ்டனின் மற்ற நால்வரும் எதிராளியை நெருக்கி, பந்தைப் பறிக்கத் துணிந்து பாய முடிந்தது. எதிராளி தப்பிவிட்டாரா? "ஹே பில்!" என்று ஒரு குரல், ரஸ்ஸல் வந்து நின்றுவிடுவார். வளையத்தை நோக்கி வருபவரோ, அவர் தடுப்பாரோ மாட்டாரோ என்று ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கத்தில் குறி தவறும். தடுக்காமலே தடுத்த அந்தப் பந்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அளவுகோல் இல்லாத காலம்

நம் கல்லூரி அணி ஆடிய சில ஆட்டங்களில் குறிப்பாளர் மேசையில் அமர்ந்து தாளை நிரப்பும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அத்தாளில் ஆட்டக்காரரின் எண், பெயர், எடுத்த புள்ளிகள், செய்த ஃபவுல்கள் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரரை ஆட்டம் முழுதும் நிழல்போல் தொடர்ந்து திணறடித்த நம் நண்பனுக்கு அதில் இடமில்லை. ஆட்டம் முடிந்தபின் அவன் பெயருக்கு நேரே எஞ்சியிருந்தவை நான்கு ஃபவுல்கள் மட்டுமே. அத்தாளை மட்டும் பார்ப்பவர், "இவனை எதற்கு ஆடவிட்டார்கள்?" என்றுதான் கேட்பார்.

ரஸ்ஸலுக்கு நேர்ந்ததும் இதுவே. எறிந்த பந்தைத் தடுப்பதை என்.பி.ஏ. அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74 பருவத்தில். ரஸ்ஸல் ஓய்வு பெற்றதோ 1969-இல். ஆக, உலகம் கண்ட தடுப்பாட்டக்காரர்களில் முதல்வராகப் போற்றப்படும் ஒருவருக்குத் தடுப்புக் கணக்கே கிடையாது! அந்தப் பத்தி வெறுமையாகக் கிடக்கிறது. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான ஆண்டு விருதும் 1982-83 பருவத்திலேதான் தோன்றியது. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது முதன்முதல் வழங்கப்பட்டது 1969-இல். அவர் ஆடிய கடைசி இறுதிச் சுற்றில்.

கணக்கில் இருப்பவை என்ன? ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 15.1 புள்ளிகள், எறிந்தவற்றுள் நூற்றுக்கு 44 உள்ளே, தடையின்றி எறியும் ஃப்ரீ த்ரோவிலோ நூற்றுக்கு 56 மட்டுமே. இவ்வெண்களை மட்டும் இன்றைய இளைஞர் ஒருவர் பார்த்தால், நடுத்தர ஆட்டக்காரர் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டு இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். எதிரில் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணி. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் ஹாக்ஸ் அணியின் ஜாக் கோல்மன் தனியே பந்துடன் வளையத்தை நோக்கி ஓடினார். ரஸ்ஸல் நின்றிருந்ததோ களத்தின் மறுகோடியில். அங்கிருந்து களம் முழுவதையும் ஓடிக் கடந்து, பின்னாலிருந்து எழும்பிப் பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் இருமுறை கூடுதல் நேரத்துக்கு நீண்டு, 125-123 என்ற கணக்கில் பாஸ்டன் வென்றது. அதுவே அந்த அணியின் முதற்பட்டம். அந்த நாளின் ஏட்டில் ரஸ்ஸலுக்கு 19 புள்ளிகளும் 32 ரீபவுண்டுகளும் உள்ளன. அந்த ஓட்டமும் அந்தத் தட்டலும் இல்லை.

ஆட்டக்காரர் வாக்கும் எழுத்தாளர் வாக்கும்

ரஸ்ஸலோடு ஒப்பிட்டுப் பேசப்படுபவர் வில்ட் சேம்பர்லின். ஏழு அடியைத் தாண்டிய உயரமும் மலைபோன்ற வலிமையும் கொண்டவர். 1962 மார்ச் 2-ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர். அந்த 1961-62 பருவத்தில் அவருடைய சராசரி 50.4 புள்ளிகள்! அதே பருவத்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்டு, துணைப்பந்து ஆகிய மூன்றிலும் சராசரியாகப் பத்துக்கு மேல் எடுத்துப் புதுமை படைத்தார். இப்படி இரண்டு அதிசயங்கள் நிகழ்ந்த பருவத்தில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் யார்? சராசரி 20 புள்ளிகளைக்கூடத் தொடாத ரஸ்ஸல்.

இது எப்படி? அந்நாளில் அவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்கள். மேலே ஏறி எறியும்போது எதிரே எழும் கையைக் கண்டவர்கள் அவர்கள். ஆனால் பருவத்தின் சிறந்த ஐவர் கொண்ட முதல் அணியைத் தேர்ந்தெடுத்தவர்களோ பத்திரிகையாளர்கள். அவர்கள் அதே ஆண்டில் ரஸ்ஸலை இரண்டாம் அணியில்தான் வைத்தார்கள். ஒரு முறையன்று, 1958, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனால் இரண்டாம் அணிக்காரர்! களத்துக்குள்ளிருந்து பார்ப்பதற்கும் வெளியிலிருந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட முடியுமா?

சேம்பர்லினும் ரஸ்ஸலும் ஒரே காலத்தில் ஆடிய பருவங்கள் 10. அவற்றுள் பாஸ்டன் வென்றவை 9. சேம்பர்லினின் அணி வென்றது 1967-இல் ஒன்றே ஒன்று. இதனால் சேம்பர்லின் சிறியவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் பெரியவரே. இருவரும் களத்துக்கு வெளியே நண்பர்களாகவும் இருந்தனர். அவருடைய பெருமை எண்களில் பதிவாகியிருக்கிறது. இவருடையது பதிவாகவில்லை என்பதே என் வாதம்.

எதிர்வாதங்கள்

"அந்நாளில் அணிகள் குறைவு, வெல்வது எளிது" என்பார் உளர். ரஸ்ஸல் சேர்ந்தபோது சங்கத்தில் இருந்தவை 8 அணிகள் என்பது மெய்தான். ஆனால் அணிகள் குறைந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் அந்தச் சிலவற்றிலேயே செறிந்திருப்பார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். தேர்வுக்கு இடம் குறைந்தால் போட்டி குறையுமா, கூடுமா? அரசுக் கல்லூரியில் இடம் தேடி அலைந்த நம்மைக் கேட்டால் தெரியும்!

"அவருடன் ஆடியவர்கள் அனைவரும் சிறந்தவர்கள்" என்பார் வேறு சிலர். இதற்கு ஆய்வுக்கூட முறையிலேயே விடை காணலாம். ஒரு கருவியில் ஓர் உறுப்பின் பங்கு என்ன என்று அறிய, அதைப் பொருத்துவதற்கு முன்னும் கழற்றியதற்குப் பின்னும் அளவெடுத்துப் பார்ப்போம். ரஸ்ஸலுக்கு முன்னரே பாஸ்டன் அணியில் பாப் கூசியும் பில் ஷார்மனும் இருந்தனர். ரெட் அவர்பாக் பயிற்சியாளராக இருந்தார். பட்டம் ஒன்றுகூட வரவில்லை. ரஸ்ஸல் வந்த முதற்பருவத்திலேயே வந்தது. 1961-இல் ஷார்மன் விலகினார். 1963-இல் கூசி விலகினார். 1966-இல் அவர்பாக் பயிற்சியாளர் பொறுப்பை விட்டார். பட்டங்கள் நிற்கவில்லை. 1959 முதல் 1966 வரை தொடர்ந்து 8! பிறகு 1968, 1969. பதினொன்றிலும் களத்தில் இருந்த ஒரே ஆட்டக்காரர் ரஸ்ஸல்.

கழற்றிய பின் என்ன ஆயிற்று? 1968-69 பருவத்தில் பாஸ்டன் 48 வெற்றி, 34 தோல்வி. ரஸ்ஸல் ஓய்வு பெற்ற மறு பருவத்தில் 34 வெற்றி, 48 தோல்வி. எண்கள் தலைகீழாகக் கவிழ்ந்தன! அந்த ஆண்டே சாம் ஜோன்ஸ் என்னும் மற்றொரு பெரிய ஆட்டக்காரரும் விலகினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அவருடைய பங்கைக் கழித்துப் பார்த்தாலும், மீந்து நிற்பது ரஸ்ஸலின் உருவமே.

இன்னொரு சான்று. தோற்றால் எல்லாம் போயிற்று என்னும் ஏழாவது ஆட்டங்கள் என்.பி.ஏ.யில் அவருக்கு 10 வாய்த்தன. பத்திலும் வெற்றி. 1962 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 30 புள்ளிகளும் 40 ரீபவுண்டுகளும் எடுத்தார். வேண்டிய நாளில் புள்ளி எடுக்கவும் அவருக்குத் தெரியும் என்பதற்கு இது சாட்சி. இத்தனைக்கும் பெரிய ஆட்டங்களுக்கு முன் பதற்றத்தில் அவர் வாந்தி எடுப்பது வழக்கமாம். அந்த ஓசை கேட்டால்தான் மற்றவர்களுக்கு நிம்மதி! அஞ்சாதவர் அல்லர் அவர், அஞ்சியும் ஆடியவர்.

களத்துக்கு வெளியே

அவருக்கு உரிய அன்பு கிடைக்காமைக்குப் புள்ளிவிவரம் மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதி உண்மையாகிவிடும். மறுபாதி அவருடைய நிறம். அந்த நிறத்துக்காகத் தலைகுனிய மறுத்த அவருடைய நெஞ்சு.

1961-இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன் நகருக்கு ஒரு காட்சி ஆட்டத்துக்காகப் பாஸ்டன் அணி சென்றது. தங்கியிருந்த விடுதியின் சிற்றுண்டிச் சாலையில் அணியின் கறுப்பினத்தார் இருவருக்கு உணவு தர மறுத்தார்கள். செய்தியறிந்த ரஸ்ஸலும் மற்றக் கறுப்பின ஆட்டக்காரர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்கள். எதிரணியின் கறுப்பின வீரர்களும் ஆடவில்லை. உணவு தர மனமில்லாத ஊருக்கு ஆட்டம் மட்டும் எதற்கு? 1963-இல் மிசிசிப்பியில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டபின், அந்த மாநிலத்துக்கே துணிந்து சென்று, இரு நிறத்துச் சிறுவர்களும் சேர்ந்து பயிலும் கூடைப்பந்துப் பயிற்சி முகாம் நடத்தினார்.

கோப்பைமேல் கோப்பை வாங்கித் தந்த ஊரிலாவது மரியாதை இருந்ததா? பாஸ்டனை அடுத்த ரெடிங்கில் அவர் வாழ்ந்த வீட்டுக்குள் கயவர்கள் புகுந்து, சுவரில் இழிசொற்களை எழுதி, பரிசுக் கோப்பைகளை உடைத்துவிட்டுப் போனார்கள். ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவதை அவர் நிறுத்திக்கொண்டார். அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். கைதட்டுவோர் தம்மை மனிதனாகவும் மதிக்கிறார்களா என்று பார்த்தவர் அவர். அதைத் திமிர் என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை.

1966-இல் ஆட்டக்காரராக இருந்துகொண்டே அணியின் தலைமைப் பயிற்சியாளரும் ஆனார். என்.பி.ஏ. வரலாற்றில் அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அப்பொறுப்பிலிருந்து வென்ற பட்டங்கள் இரண்டு. இரண்டாவது 1969-இல். தம் பிரிவில் நான்காவதாக வந்த, முதுமை தட்டிய அணி. எதிரே சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் ஆகிய மூவரும் நிறைந்த லேக்கர்ஸ். வெற்றி விழாவுக்கென்று அரங்கின் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்துவிட்டார்கள். ஏழாவது ஆட்டம் 108-106 என முடிந்தது, வென்றது பாஸ்டன். பலூன்கள் கட்டியபடியே தொங்கின! தம் வாழ்வின் அந்தக் கடைசி ஆட்டத்தில் ரஸ்ஸல் எடுத்தவை 6 புள்ளிகள், 21 ரீபவுண்டுகள். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அன்று தோற்ற அணியின் வெஸ்ட்டுக்குச் சென்றது. 42 புள்ளிகள் எடுத்த அவரும் தகுதியுடையவரே. ஆயினும் பதினோராவது பட்டத்தை வென்றுவிட்டு, ஒரு பரிசும் இல்லாமல் ரஸ்ஸல் நடந்து வெளியேறிய அக்காட்சி, அவர் வாழ்வு முழுமைக்கும் ஓர் உருவகம் எனலாம்.

காலம் தாழ்த்தி வந்த மரியாதை

மரியாதையே வரவில்லை என்று சொல்வது தவறு. வந்தது, தாமதமாக வந்தது. 1972-இல் அவருடைய 6-ஆம் எண் சீருடைக்கு ஓய்வு அளித்தபோது, கூட்டம் உள்ளே வருமுன் வெற்று அரங்கில், தோழர்கள் சிலர் மட்டும் சூழ நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1975-இல் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. விழாவுக்கு அவர் போகவில்லை. தமக்கு முன்னிருந்த கறுப்பின வீரர்களுக்கு அந்தச் சிறப்பு முதலில் கிடைத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த முன்னோடிகளுள் ஒருவரான சக் கூப்பருக்கு இடம் கிடைத்த 2019-இல்தான் தமக்குரிய மோதிரத்தை ஏற்றுக்கொண்டார். நாற்பத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு! 2009-இல் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு, அவர் ஒருமுறையும் பெறாத அந்த விருதுக்கு, அவர் பெயரையே சூட்டினர். 2011-இல் குடியரசுத் தலைவர் ஒபாமா, நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதான விடுதலைப் பதக்கத்தை அணிவித்தார். 2022 ஜூலை 31-ஆம் நாள், 88-ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டே எல்லா அணிகளிலும் 6-ஆம் எண்ணுக்கு ஓய்வு தரப்பட்டது. என்.பி.ஏ.யில் அப்படிச் செய்தது அதுவே முதன்முறை.

பெயர் சூட்டுவதும் சிலை வைப்பதும் எளிது. அவர் செய்த வேலையைப் புரிந்துகொண்டு பாராட்டுவதே அரிது. பதினொன்று என்ற எண்ணைச் சொல்லி வியப்பதோடு நின்றுவிட்டால், அதுவும் மற்றோர் எண்ணாகவே போய்விடும்.

நமக்கென்ன?

1891-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒரு பந்தையும் இரண்டு பழக்கூடைகளையும் கொண்டு தொடங்கிய ஆட்டம் இது. அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-இல் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி, இதனை நம் மண்ணில் பரப்பியவற்றுள் ஒன்று. இன்று நம் கல்லூரி மைதானத்திலும் வளையம் தொங்குகிறது. ஆகவே ரஸ்ஸலின் கதை நமக்கு அயலார் கதையன்று.

அது விளையாட்டோடு நிற்கும் கதையுமன்று. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இறையருள் இருந்தால் அடுத்த ஆண்டு பட்டம் பெறுவேன். சான்றிதழில் என் பெயர் இருக்கும். பத்தாம் வகுப்பில் என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கிய என் அக்காள் படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனதால்தான் என் படிப்பு நிற்காமல் நடந்தது. அவள் தடுத்து நிறுத்தியது என் வீழ்ச்சியை. நடக்காமல் போன அந்த வீழ்ச்சியை எந்தச் சான்றிதழில் எழுதுவார்கள்? இத்தகைய அக்காளோ, அண்ணனோ, தாயோ இல்லாத வீடு நம் வகுப்பில் எத்தனை பேருக்கு உண்டு? ரஸ்ஸலைப் பற்றிப் படித்தபோது இந்த ஆட்டக்காரரை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று தோன்றியது.

அறிவியல் நமக்கு அளக்கக் கற்றுத் தருகிறது. அது நல்ல கல்வி. அதனுடன் சேர்த்து, நம் அளவுகோல் எதை அளக்கவில்லை என்று கேட்கவும் கற்க வேண்டும். ஒரு பத்தி வெறுமையாக இருந்தால் அங்கே ஒன்றும் நிகழவில்லை என்று பொருளன்று. எழுத ஆளில்லை என்றும் பொருளாகலாம்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை நம் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது ஓர் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். பந்தில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவனைப் பாருங்கள். எதிராளியின் வழியில் போய் நிற்பவனை, தெறித்த பந்துக்காக முழங்கையில் இடிபடுபவனை, தோழன் தவறவிட்டதைத் தாங்கப் பின்னால் காத்திருப்பவனைப் பாருங்கள். பார்த்தபின் அவனுக்கும் ஒருமுறை கைதட்டுங்கள். பில் ரஸ்ஸலுக்கு நாம் செலுத்தக்கூடிய பாராட்டு அதுவே.